பதினாறு கொக்கிகள்

"முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்துக்குப் பரிசா, புழுவுக்கு என் பேரா?"

மனைவி இடுப்பில் கை வைத்து நின்ற நிற்பைப் பார்த்து, ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பே ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தது.

"சும்மா புழுன்னு சொல்லாதேம்மா. மீனோட செவுள்ல ஒட்டிக்கிட்டு வாழற தட்டைப்புழு. கடுகை நாலாப் பிளந்தா ஒரு துண்டு, அவ்வளவுதான் சைஸ். ஆனா என்ன அழகு தெரியுமா!"

"போன கல்யாண நாளுக்கு ஒரு கைக்குட்டை வாங்கித் தரத் தோணல. இப்ப புழுவோட வந்து நிக்கறீங்க."

ஆபீசில் அவரைப் புழுவார் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கலாம். மீன்மேல் வாழும் தட்டைப்புழுக்களை இனம் பிரிப்பது அவர் உத்தியோகம். ஆயிரக்கணக்கில் இனங்கள். எது எந்த இனம் என்பதை, புழுவின் வால் பக்கத்துக் கொக்கிகளை எண்ணி அளந்துதான் சொல்ல வேண்டும். இதுவரை ஒன்பது கோடிக் கொக்கிகளை எண்ணியிருப்பார். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

என்ன எண்ணி என்ன? அவர் கையில் கிடைத்த புழுவுக்கெல்லாம் வேறு யாரோ முந்திக்கொண்டு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு. அதற்குள் ஒன்றே ஒன்று, உலகத்துக்குப் புதிதாக ஒரு புழு. மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

"நேத்து உயிரோட நெளிஞ்சுது. நீயே வந்து பாரேன்."

"வரேன். அதுக்கு முன்னாடி, என் ரூம் வாசல்ல இருக்கற மீன் குடுவை மேல ஈரக் குடையை மாட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மனைவிக்கு எதிர் அறை, மீன் பிரிவு. முதுகெலும்பு இல்லாத எதையும் அவள் மதிப்பதில்லை. அந்த லிஸ்டில் புழுக்களுக்கு அடுத்த இடம் புருஷனுக்கு. இருந்தாலும் கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

"பெரிய கொக்கி ரெண்டு, நங்கூரம் மாதிரி. ஓரத்துல குட்டிக் கொக்கி பதினாலு. இதெல்லாம் நிறையப் புழுவுக்கு உண்டே?"

"பெரிய கொக்கியோட நுனியைப் பாரு. வாத்து மூக்கு மாதிரி தட்டையா இல்ல? என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல!"

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து போனாள். தன் அறையிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு பழைய புத்தகத்தைச் சுமந்து வந்தாள். தும்மிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"என்னங்க..." குரல் இறங்கிவிட்டது. "இது புதுசு இல்ல."

யாரோ நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்த படம். நங்கூரம் ரெண்டு, குட்டிக் கொக்கி பதினாலு, வாத்து மூக்கு. பெயர்கூட வைத்தாயிற்று.

புழுவார் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது அவர் அதிர்ஷ்டம். நிமிர்ந்து பார்த்தால் மனைவியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். கல்யாணத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

"அட, நீ ஏம்மா அழறே? எனக்கே ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை கேக்கை வெட்டிட்டு வீட்டுக்கு வந்து உனக்குக் காய் நறுக்கித் தரேன்."

"இதை எந்த மீன்லேருந்து எடுத்தீங்க?"

"சின்ன மீன்."

"சின்ன மீன்னா? என்ன மீன்?"

"செவுள்ல பேரா எழுதியிருக்கு? மீன்காரம்மா செவுளை மட்டும் அரிஞ்சு சீசாவுல போட்டுத் தருவாங்க. மிச்ச மீன் எனக்கு எதுக்கு?"

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர் மீனை முழுசாகப் பார்த்ததில்லை என்றால் உலகம் நம்பாது. மனைவி நம்பினாள். தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா, நேத்து சாருக்குச் செவுள் குடுத்தீங்களே, அது என்ன மீன்?"

போனுக்குள்ளிருந்து மார்க்கெட்டே பேசியது.

"பேரு யாருக்கும்மா தெரியும்? விரல் நீளந்தான் இருக்கும். கண்ணோரம் மை இழுத்த மாதிரி ஒரு கோடு. பத்து நாளா வலை பூரா அதுதான். வாங்கத்தான் ஆளில்ல. பூனைக்குப் போடறேன். அதுவும் இப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குது."

"இப்ப இருக்கா? உயிரோட?"

"ரெண்டு வாளி நிறையத் துள்ளுது. ஏம்மா?"

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பூனையைக் கட்டிப் போடுங்க! இதோ வரோம்!"

போனை வைத்தவள் புழுவாரின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனாள். குடுவை மேலிருந்த அவர் குடையைத் தூக்கி எறிந்தாள்.

"இப்ப புரியுதா? அந்தப் புழு ஒரே ஒரு மீன்மேலதான் வாழும். வேற எந்த மீன்லயும் அது ஒட்டாது, பொழைக்காது. அந்தப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"எந்த மீன்?"

அவள் அழுகையும் சிரிப்புமாக, குடுவையில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். வருஷக்கணக்காகக் குடை மாட்டிய இடத்தில் இருந்ததைப் புழுவார் அன்றுதான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்: உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய, கண்ணோரம் மை இழுத்த ஒரு சின்ன மீன், வெளியே மனைவியின் கையெழுத்தில், 'மைக்கண்ணிக் கெண்டை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் பிடிபட்ட கடைசி மீன். இந்த இனம் இனி உலகில் இல்லை.'