மாமாவின் வெப்சைட்டுக்கு ஒரு பூட்டு

"என் போட்டோவை ஒரு பயலும் சுடக் கூடாது, மாப்ள. உலகம் பூரா திருட்டுப் பசங்க!"

அக்கா வீட்டுக்காரருக்கு வெப்சைட் செய்துகொடுக்க உட்கார்ந்ததிலிருந்து இதே பாட்டு. ரைட் கிளிக்கை முடக்கினேன். ஏற்றப்போகும் ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே அவர் பெயர் விழும்படி செய்தேன்.

"இன்னும் பெருசா போடு. படமே மறைஞ்சாலும் பரவாயில்ல."

போட்டேன். "பூட்டியாச்சு, மாமா. படங்களைக் குடுங்க, ஏத்திடலாம்."

மாமா யாரோ ஒருவருடைய வெப்சைட்டைத் திறந்து காட்டினார். "இதுல புலியும் அருவியும் அள்ளுது, பாரு. அப்படியே உருவி நம்மதுல போடு."

முட்டிமோதிப் பார்த்தேன். "வர மாட்டேங்குது, மாமா. இவரும் நம்மள மாதிரியே பூட்டி வெச்சிருக்காரு."

மாமா கொதித்துப்போனார்.

"சே! மனுஷனுக்கு மனுஷன் ஒரு நம்பிக்கை வேணாமா, மாப்ள?"