ஸ்பீக்கர் டீச்சர்

"பாடம் நடத்த ஸ்பீக்கர் போதும்னா டீச்சர் எதுக்கு லா?"

கேதரின் கேட்டதும் வகுப்பறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மலேசியாவில் குருண் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம்.

வாசுகி டீச்சரும் சிரித்தார். "ஸ்பீக்கர் அது பாட்டுக்குப் பேசிட்டுப் போயிடும். பிள்ளைங்கள பேச வைக்கிறது நான்தானே."

இணையத்தில் கிடைக்கும் கதை ஒலிப்பதிவுகளை அவர் வகுப்பில் போடுவார். பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்பார். பிள்ளைகள் சொல்வதைப் பலகையில் எழுதி, அதையே வாசிக்க வைப்பார்.

சாயந்திரம் அதே கதை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பெற்றோரும் கேட்டு, பிள்ளையோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

"போன வருஷம் கதை எழுதின வாசிப்பு அட்டை கொடுத்தீங்க. பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புனோம். அது எங்க போச்சு?" கேதரின் விடவில்லை.

"அட்டை எழுத நேரமாகுதுங்க. கொஞ்சம் சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கிறேன்."

"பாருங்க, அவங்க வாயாலேயே வந்துருச்சு!" கேதரின் எல்லோர் பக்கமும் திரும்பினாள். "ஆடியோ வேணாம், அட்டை போதும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க. இன்னைக்கே தலைமையாசிரியர்கிட்ட எழுதிக் கொடுத்துடுவோம்."

கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. பக்கத்தில் கேதரினின் கணவர் ரஃபேல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழங்கையால் இடித்ததும் அவர் கையும் எழுந்தது.

கடைசி வரிசையில் ரூபினி கையைத் தூக்கவில்லை.

போன வருஷம் மகன் சசி அட்டையை நீட்டும்போதெல்லாம், "அம்மாவுக்கு வேலை கெடக்குடா" என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவள் அவள். நாலைந்து மாதத்தில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். இப்போது போனைத் தூக்கிக்கொண்டு அவனே மடியில் வந்து உட்காருகிறான். "அம்மா, அந்த நரி ஏன் பொய் சொல்லுச்சு?" என்று கேட்கிறான். அவளும் பதில் சொல்கிறாள்.

ரூபினி எழுந்து நின்றாள்.

"அக்கா... அட்டை வேணாம்கா."

"ஏன்மா? உனக்கு என்ன?"

"நான் படிச்சது மலாய்ப் பள்ளிக்கூடத்துல. அதுவும் ஆறாம் ஆண்டோட நின்னுட்டேன். தமிழ் பேசுவேன், வாசிக்க வராது. டீச்சர் சோம்பேறி இல்லக்கா. நான் சொல்லாமலே எப்படியோ கண்டுபிடிச்சு, எனக்காகத்தான் இப்படிச் செய்றாங்க. என் பேரைச் சொல்லாம அவங்க பேச்சு வாங்குறாங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

கேதரினுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கி வர மனமில்லை.

"பாவம்தான், இல்லேங்கல. அதுக்காக ஒருத்தருக்குன்னு எல்லாப் பிள்ளைங்களும் ஸ்பீக்கர் முன்னால உட்காரணுமா? நானும்தான் கூலிம் பேக்டரில மத்தியான ஷிப்ட், வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிடும். எங்க வீட்டுல அவர்தான் தினமும் அட்டையை வாசிச்சுக் கையெழுத்துப் போட்டாரு. ஆம்பளை, அவரே செய்யலியா? நீங்களே சொல்லுங்க லா இவங்களுக்கு!" கணவர் பக்கம் திரும்பினாள்.

ரஃபேல் எழுந்தார். மனைவி பக்கம் பார்க்கவில்லை.

"நீ உட்காரும்மா, தங்கச்சி. டீச்சர் இதை ஆரம்பிச்சது உனக்காக இல்ல. 'எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, என் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு அவங்ககிட்டப் போய் நின்னது நான்தான்."