மணிக்கட்டுக் கயிறு

வில் அம்பு எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன் கடைக்காரர் தர்ஷிகாவின் கண்ணைச் சோதித்தார்.

இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தபடியே கைகளை முகத்தருகே கொண்டுவர வேண்டும்.

தர்ஷிகாவின் கைகள் இடது கண்ணுக்கு வந்து நின்றன.

இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் இடது கண்.

அம்மா மகளுக்குப் பின்னால், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பாப்பா குறி பார்ப்பது இடது கண்ணால், அதனால் இடதுகை வில்தான் சரிப்படும் என்றார் கடைக்காரர். வலது கை வில்லைப் பிடிக்கும், இடது கை நாணை இழுக்கும். இத்தனை நாள் மாற்றிப் பிடித்தால் அம்பு எப்படி நடுவில் போகும்?

பத்து மாதமாகத் தர்ஷிகா வில்வித்தை கிளப்பின் வலதுகை வில்லோடு மல்லுக்கு நிற்கிறாள். அம்பு எப்போதும் ஒரு சாண் தள்ளியே போகும். கவனம் போதாது என்று திட்டியவள் அம்மாதான்.

"சின்னதுல இடதுகைப் பழக்கம் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. வலதுதான்."

சொல்லிவிட்டு அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்று வயதில் பிள்ளை சோற்றில் இடது கையை வைத்தது. நாளைக்குப் பந்தியில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? சாப்பாட்டு வேளையில் அந்தக் கையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டிவைத்தாள். யூகேஜி முடியும்வரை.

குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று பிறகு நிம்மதியாக இருந்துவிட்டாள்.

மேசைக்கு இரண்டு வில்கள் வந்தன. வலதுகை வில் நீலம், தர்ஷிகா ஆசைப்பட்ட அதே நீலம். இடதுகையில் ஒன்றே ஒன்று, கறுப்பு.

தர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள்.

நீலத்தையே எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"கறுப்பே குடுங்க," என்றாள் அம்மா.

அம்பு இல்லாமல் நாணைச் சட்டென்று விட்டுவிடாதே, மெல்ல இறக்கு என்று எச்சரித்துவிட்டுக் கடைக்காரர் தர்ஷிகாவிடம் வில்லைக் கொடுத்தார்.

இடது கை நாணை இழுத்தது. தாடை வரை வந்து அங்கேயே நின்றது. வலது கையால் இழுக்கும்போது எப்போதும் இருக்கும் நடுக்கம் இல்லை.

அம்மாவுக்கு அழுகை வந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஒரு கயிற்றை அவளிடம் நீட்டினார். அம்பு போன பிறகு வில் நழுவி விழாமல் இருக்க, வில் பிடிக்கும் கையில் கட்டுவது. கிளப்பில் இதெல்லாம் கிடையாது.

"நீங்களே கட்டி விடுங்கம்மா. மணிக்கட்டுல."

தர்ஷிகா இடது கையை நீட்டினாள்.

"அது இல்ல பாப்பா. வலது."

மகள் கையை மாற்றினாள். அம்மா கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இறுக்குதா?"

"இல்லம்மா. இப்ப இறுக்கல."

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.