கேட்காமல் போட்ட இன்சூரன்ஸ்

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் என் மேஜைக்குப் பின்னால் நான், எதிர் நாற்காலியில் ராஜசேகர், பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி செந்தாமரை.

"என்னைக் கேக்காமலே கிரெடிட் கார்டுல இன்சூரன்ஸ் போட்டு, மாசாமாசம் பணம் புடிக்கிறாங்க சார். மொத்தமும் திரும்பி வரணும். போட்டுவுட்ட கார்டு ஆபீஸ் பொண்ணுக்கு வேலையும் போவணும்."

"எத்தினி நாளா புடிக்கிறாங்க?"

"ரெண்டு வருசமா."

"இவ்ளோ நாள் சும்மாவா இருந்தீங்க?"

"இப்பத்தான் எழுதணும்னு தோணிச்சு."

"பணத்த மட்டும் கேளுங்க. அவ சோத்துல மண்ணப் போடாதீங்க" என்றார் செந்தாமரை.

"நீ வாயத் தொறக்காத."

ஒப்புதல் வாங்கவில்லை, கையெழுத்து இல்லை, பிடித்த தொகை இவ்வளவு என்று வரிசையாக எழுதினேன். கடைசியாக, அந்தப் பெண்ணைப் பணிநீக்கம் செய்யக் கோரினேன்.

"பொண்ணு பேரு?"

"ஷாலினி."

"இனிஷியலும் சொல்லுங்க. வேற ஷாலினி மாட்டிக்கப் போவுது."

செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரா. என் பேருதான் இனிஷியல்" என்றார் ராஜசேகர். "எவன்கூடவோ ஓடிப்போயி ஒரு மாசந்தான ஆவுது, மாத்தியிருக்க மாட்டா."

'ரா. ஷாலினி' என்று எழுதிக் கொடுத்தேன். அவரே உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.