அரை மணி பின்னால்

தெமோதரை ஸ்டேசன் மேடையில் மாரிசாமி வந்து நின்றபோது காலை ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.

பத்து வருடத்தில் இப்படி நடப்பது இதுவே முதல் தடவை. 

“பாரும் மாரிசாமி, கடைசியில நாடே உம்மட காலத்துக்கு வந்திட்டுது,” என்றார் ஸ்டேசன் மாஸ்டர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்து மனிதர். கேலி செய்தாலும் மரியாதை குறையாது.

உண்மைதான். தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சில மாதத்தில் மனசு மாறி அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி பத்து வருடம் அப்படியே கிடந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாளான இன்று அதையும் கொடுத்துவிட்டார்கள்.

மாரிசாமி மட்டும் தன் கைக்கடிகாரத்தின் முள்ளை ஒரு நாளும் தொட்டதில்லை. கேட்டால், தான் காலம் விட்டுக் காலம் போகிறவன் என்பார். மலைமேல் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தால் பழைய காலம். ஸ்டேசனுக்கு இறங்கினால் புதுக் காலம். மலையேறினால் மறுபடி பழையது. டிக்கெட் கிடையாது, கால்வலி மட்டும்தான்.

ஸ்டேசன் வாசலில் மொஹிதீன் கடை. அங்கே மாரிசாமி தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு காலத்தையும் தராசில் போடுவார். புதுக் காலத்தில் பாண் ரொட்டி தீர்ந்திருக்கும். பழைய காலத்தில் இப்போதுதான் சூடாக இறக்குவார்கள். புதுக் காலத்தில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கியவள், பழைய காலத்தில் இன்னும் தலைவாரிக்கொண்டிருப்பாள். சில நாள் பேச்சு சுவாரசியத்தில் அந்த அரை மணி நீண்டு பத்து வருடமாகிவிடும். இங்கே ஆளுக்கொரு கைபோன், அங்கே லயத்துக்கே ஒரு ரேடியோ, சுற்றிப் பதினைந்து பேர்.

“ஒங்க காலத்துல ரேடியோவுல செய்தி வாசிச்சு முடிச்சிட்டாங்க மொதலாளி. எங்க காலத்துல இன்னும் ஒருத்தரும் சாகல.”

கடை சிரிக்கும். மொஹிதீன் மட்டும் சிரிக்கமாட்டார். அந்த அரை மணி தனக்கும் கிடைத்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

அந்த அரை மணியில் மாரிசாமிக்கு என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியும். அவர் மனைவி தனலெட்சுமி இருந்தாள்.

நேரம் மாறிய முதல் நாள் காலையில்தான் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். கூட்டிப்போன ஏஜென்சிக்காரனுக்குப் புது நேரம் தெரிந்திருந்தது. மாரிசாமிக்கோ தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ராத்திரி வேலை. மெஷின் சத்தத்தில் ரேடியோ சொன்னது யார் காதில் விழும்? ஸ்டோர் சுவர்க் கடிகாரத்தை நம்பி, ரயிலுக்கு அரை மணி முன்னதாகவே போய்விடலாம் என்று ஓடிவந்தார். ரயில் போய் அரை மணி ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் யாரையும் ‘போ’ என்று வழியனுப்பமாட்டார்கள். ‘போயிட்டு வா’ என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் ‘போ’ சாவு வீட்டுக்கு உரியது. அவளுக்கு ‘போயிட்டு வா’ சொல்லப் புருஷன் இல்லாமல் போயிற்று.

அதனால்தான் தினமும் ரயில் போன கையோடு இந்த மேடைக்கு வந்து உட்காருவார். அவர் கடிகாரப்படி ரயிலுக்கு இன்னும் அரை மணி இருக்கும். அதுவரை தனலெட்சுமி போகவில்லை. லயத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள். ஒரு நாளில் அவர் சந்தோஷமாக இருந்தது அவ்வளவு நேரம்தான்.

இன்று மாரிசாமி உட்காரவில்லை. அரை மணியும் நின்றுகொண்டே இருந்தார்.

ரயில் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். சிதம்பரநாதன் பச்சைக் கொடியை அசைத்தார்.

பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல மாரிசாமி வாயைத் திறந்தார்.

தனலெட்சுமியைக் குவைத்திலேயே அடக்கம் செய்துவிட்டதாகத் தொண்ணூற்றெட்டில் ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. அது புதுக் காலத்துக் கடிதம், தன் காலத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டி அவரைக் கடந்தது.

“போ, புள்ள,” என்றார்.