கூடையோடு போனவள்

"ஆமா, தடைக்கடலுக்குள்ள இறங்கினேன். இப்ப என்ன?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் உலாமிலா. ஊர்க்கூடத்துப் பாயில் உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த தலைவர் செவனாயாவுக்குப் புரையேறியது.

அந்தப் பவளப்பாறைப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, மீன் பெருகட்டும் என்று போன வருஷம் ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. மீறினால் அந்த வீட்டுக்கு மூன்று மாதம் கடலே கிடையாது. செவனாயா தன் வாயால் சொன்ன சட்டம். மீறி நிற்பதோ அவர் தம்பி மருமகள்! புருஷனில்லாத வீடு, மூன்று பிள்ளைகள். கடல் இல்லையென்றால் வெறும் மரவள்ளிதான்.

"கூடையோட போனா தலைவரே, என் கண்ணால பார்த்தேன்" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனவன் பெதெலி. "தடைக்கு வெளியிலயும் ஒரு பெரிய சிப்பி இல்ல. எல்லாத்தையும் வழிச்சு சுவா பட்டணத்துச் சந்தையில வித்துட்டா!"

"வெளியில இருந்ததையும் நான்தான் எடுத்தேன்" என்றாள் உலாமிலா, கொஞ்சமும் கூசாமல்.

"திமிரைப் பாருங்க!"

"சும்மா கத்தாதே பெதெலி. இப்ப கடல் தண்ணி இறங்கியிருக்கிற நேரம்தான். எல்லாரும் வந்து பாருங்க."

எல்லாரும் உலாமிலா பின்னால் பாறைப் பக்கம் போனார்கள். செவனாயாவே தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்த்தார். அடேயப்பா! தடைக்கடலுக்குள் பெரிய சிப்பிகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல உயிரோடு வாய் பிளந்து கிடந்தன.

"அங்கொண்ணு இங்கொண்ணா கிடந்தா இதுங்க பெருகாது மாமா. பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் குஞ்சு. அதான் வெளியில இருந்ததைத் தூக்கிட்டு வந்து வச்சேன்."

"அடிப் பைத்தியக்காரி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கூடிக் கூடிப் பேசுவீங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள மிச்சத்தையும் எலுமிச்சை பிழிஞ்சு தின்னு தீர்த்திருப்பீங்க!"

பெதெலி தலையைச் சொறிந்தான். செவனாயாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரிம்மா, உனக்குத் தண்டனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போ."

"அதெப்படி?" சீறினாள் உலாமிலா. "என்னை விட்டீங்கன்னா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு நல்ல காரணத்தோட உள்ள இறங்குவான். மூணு மாசம்னா மூணு மாசம்தான். போடுங்க!"

"பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவே?"

"உங்க வீட்டு வாசல்ல வந்து மீன் கேட்பேன். கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புற வழக்கம் நம்ம ஊருக்கு என்னைக்கு மாமா இருந்துச்சு?"