கயிறு பிடித்த கை

கொத்தனார் கவுன்சலிங் மையத்துக்குள் நுழைந்தபோது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலை ஆட ஆட, அறையே தண்ணீருக்குள் மிதப்பது போலிருந்தது. கட்டட வேலையில் உட்கார்ந்திருப்பவர்தான் மேலதிகாரி. அந்தப் பழக்கத்தில் அவர் கைகட்டி நின்றார்.

"முதல் தடவை மேடம். என்ன பேசணும்னே தெரியலை."

"பரவாயில்ல, உட்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமாத் தூக்கம் இல்ல மேடம். கூட்டாளி சாரத்துலேர்ந்து விழுந்து செத்துட்டான். கயிறு பிடிச்சிருந்தது நான்தான். கை வழுக்கிருச்சு. பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொல்லலை."

அவள் கண் கலங்கியது. அவர் பேசிக்கொண்டே போனார். யாரோ தூரத்தில் பேசுவது போல அவர் குரல் அவருக்கே கேட்டது.

உள்கதவு திறந்தது. ஃபைலோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் கவுன்சலர். ரெண்டு பேர்ல யார் முதல்ல வர்றீங்க?"

கொத்தனார் திகைத்துப்போய் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். "அப்போ நீங்க?"

"நானும் முதல் தடவைதாண்ணே."

"சொல்லக் கூடாதா?"

"நீங்க வாய் திறக்க விட்டாத்தானே! பயந்துபோய் எழுந்து ஓடத்தான் இருந்தேன். இப்போ எனக்கும் பேச்சு வரும்போல இருக்கு. முதல்ல போகட்டுமாண்ணே?"

"போயிட்டு வா தங்கச்சி" என்று சுவரில் சாய்ந்தார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதற்குள் குறட்டை கேட்டது.